சுடர் விண்மீன்கள் – 3: இரண்டாவது சாட்சி

கேரிங்டனுக்குச் சாட்சி கிடைத்துவிட்டது.

1859 செப்டம்பர் 1, முற்பகல். சூரியனின் கரும்புள்ளிக் கூட்டத்துக்கு நடுவே இரண்டு வெண்ணொளித் திட்டுகள் பளிச்சிடுவதைக் கண்டார் ரிச்சர்ட் கேரிங்டன். யாரையாவது கூட்டிவந்து காட்டிவிட வேண்டும் என்று எழுந்து ஓடினார். ஒரு நிமிடத்துக்குள் திரும்பியும் வந்துவிட்டார். அதற்குள் வெளிச்சம் வடியத் தொடங்கியிருந்தது. போன வாரம் அங்கேதான் நிறுத்தியிருந்தோம்.

அதே முற்பகலில் லண்டனின் ஹைகேட் பகுதியில் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவரும் தன் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பியிருந்தார். அவரும் அந்த வெளிச்சத்தைப் பார்த்தார், நேரத்தையும் குறித்துக்கொண்டார். நவம்பரில் ராயல் வானியல் கழகத்தின் முன் இரண்டு பேரின் குறிப்புகளும் வந்தபோது நேரம் பொருந்தியது. கியூ வானாய்வகத்தில் பூமியின் காந்தப்புலத்தைத் தொடர்ந்து பதிவுசெய்துகொண்டிருந்த கருவியும் அதே நேரத்தில் ஒரு சிறு துள்ளலைப் பதிந்து வைத்திருந்தது. சுமார் 17 மணி நேரம் கழித்துப் பூமியைத் தாக்கிய காந்தப்புயலில் தந்தி நிலையங்கள் தடுமாறின. பம்பாயின் கொலாபா ஆய்வகத்திலும் அதன் தடம் பதிந்தது.

மனிதர்கள் இருவர், கருவி ஒன்று. சூரியனில் திடீர் வெடிப்புகள் நடக்கின்றன என்பதில் அதற்குப் பிறகு சந்தேகம் இருக்கவில்லை.

சூரியனும் ஒரு விண்மீன்தானே? அப்படியானால் மற்ற விண்மீன்களிலும் இதே வெடிப்பு நடக்க வேண்டாமா? கேள்வி எளிமையானது. பதில் வந்துசேர ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆயின. இத்தனைக்கும் பதில் பலமுறை வந்து கதவைத் தட்டியது. ஒவ்வொரு முறையும் திறந்து பார்த்தவர் ஒரே ஒருவராக இருந்தார். பக்கத்தில் இன்னொருவர் இல்லை.

*

சூரியனில் நடக்கும் மிகப் பெரிய வெடிப்புகூட அதன் மொத்த ஒளியைப் பத்தாயிரத்தில் சில பங்குதான் கூட்டுகிறது. சூரியனைப் 10 ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒரு புள்ளியாக வைத்துப் பார்த்திருந்தால், கேரிங்டனை எழுந்து ஓடவைத்த அந்த வெளிச்சம் அன்றைய எந்தக் கருவிக்கும் தெரிந்திருக்காது. ஆகவே சூரியனைப் போன்ற விண்மீன்களில் தேடிப் பயனில்லை. வெடிப்பு தெரிய வேண்டுமென்றால் விண்மீன் மங்கலாக இருக்க வேண்டும். மங்கலான விண்மீனையோ யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

நம் அக்கம்பக்கத்தில் இருக்கும் விண்மீன்களில் பெரும்பான்மை சிவப்புக் குள்ளன்கள். சூரியனின் எடையில் பாதிக்கும் கீழே, பல சமயம் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். மேற்பரப்பின் வெப்பம் சுமார் 3,000 டிகிரி. சூரியனுக்கு அது ஏறத்தாழ 5,500. எண்ணிக்கையில் இவ்வளவு இருந்தும், வெறும் கண்ணுக்கு இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. நாம் அண்ணாந்து பார்த்து ரசிக்கும் வானத்தில் இந்தப் பெரும்பான்மைக்கு இடமே இல்லை. சுடர் விண்மீன்களின் கதை முழுக்க முழுக்க இந்தக் கண்ணுக்குத் தெரியாதவர்களின் கதை.

முதல் தட்டல் 1924 ஜனவரியில் கேட்டது. கேட்டவர் சாதாரண ஆள் அல்ல. விண்மீன்களின் நிறத்துக்கும் ஒளிர்வுக்கும் உள்ள உறவை வரைபடமாக்கிய இருவரில் ஒருவரான டென்மார்க்கின் ஐனார் ஹெர்ட்ஸ்ப்ருங். கேரினா விண்மீன் கூட்டத்தைப் படமெடுத்த தகடுகளில் ஒரு மங்கல் விண்மீன் திடீரென்று பிரகாசமாகி, சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. நோவா என்று சொல்லலாமா? நோவா அடங்க நாட்கள், வாரங்கள் ஆகும். இதுவோ கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்ட கதை. ஏதாவது ஒரு சிறுகோள் அந்த விண்மீனுக்குள் விழுந்து எரிந்திருக்கலாம் என்று ஹெர்ட்ஸ்ப்ருங் கருதினார்.

இன்று அந்த விண்மீனுக்கு டிஎச் கேரினே என்று பெயர். படத்தில் பதிந்த முதல் சுடர் விண்மீன் அதுதான் என்பது பலரின் கணிப்பு. அன்றைக்கு அது வெறும் விசித்திரமான தகடு, அவ்வளவே. விஷயம் அதோடு உறங்கிப் போனது.

ஆனால் ஹெர்ட்ஸ்ப்ருங்கிடம் ஒரு மாணவர் இருந்தார். அவரை மறக்காதீர்கள், சற்று நேரத்தில் வருவார்.

*

இரண்டாவது தட்டல் 1939ல், கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் கேட்டது. லாலாண்டே 21258 என்ற ஜோடி விண்மீனின் மங்கலான துணை, எடுத்துவைத்த படங்களில் ஒன்றில் மட்டும் வழக்கத்தைவிடப் பல மடங்கு பிரகாசமாக விழுந்திருந்தது. கண்டவர் ஏட்ரியான் வான் மானன். 1943ல் ராஸ் 882 என்ற மற்றொரு சிவப்புக் குள்ளனிலும் இதையே கண்டார். இரண்டையும் எழுதி வெளியிட்டார்.

வான் மானன் கைராசியில்லாத மனிதர். சுருள் நெபுலாக்கள் கண்ணெதிரே சுழல்வதை அளந்துவிட்டதாக அவர் 1910களிலும் 1920களிலும் சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மையானால் அந்த நெபுலாக்கள் நமக்கு மிக அருகில் இருந்தாக வேண்டும். அவை தனித்தனி விண்மீன் மண்டலங்கள் என்ற கருத்துக்கு நீண்ட காலம் முட்டுக்கட்டையாக நின்றது அந்த அளவீடு. கடைசியில் 1935ல் ஹப்பிள் மறுபடியும் அளந்து, சுழற்சி எதுவும் தெரியவில்லை என்று காட்டினார். அதே வானாய்வகத்தில், அதே மாதிரித் தகடுகளை வைத்து.

அந்தத் தோல்விக்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் வான் மானன் இந்தக் குள்ளன்களின் பிரகாசத்தைக் கண்டார். இந்த முறை அவர் கண்டது முழு உண்மை. ஆனாலும் இவை வேறு வேறு விண்மீன்களின் தனித் தகடுகள். அந்த நேரத்தில் வேறு யாரும் அங்கே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1946ல் வான் மானன் இறந்துபோனார். தன் கடைசிக் கண்டுபிடிப்பு ஒரு புதிய விண்மீன் இனத்துக்கே வாசல் திறந்தது என்பதை அவர் தெரிந்துகொள்ளவில்லை. வானியல் வரலாற்றில் அவரைத் தவறிய அளவீட்டுக்காக மட்டும் நினைவுகூர்வது எனக்கு ஒப்பவில்லை. இந்தக் கதையில் அவருக்கு ஒரு மரியாதையான இடம் உண்டு.

மூன்றாவது தட்டலில் கதவு திறந்தது.

*

வில்லெம் லூய்டன் 1899ல் ஜாவாத் தீவின் செமராங் நகரில் பிறந்த டச்சுக்காரர். 1910ல் வந்த ஹாலி வால்நட்சத்திரம் அவரை வானத்துக்கு இழுத்துக்கொண்டது. லெய்டனில் அவர் யாரிடம் படித்தார் தெரியுமா? ஹெர்ட்ஸ்ப்ருங்கிடம். ஆசிரியர் சிறுகோள் விழுந்ததோ என்று யோசித்துவிட்டுக் கடந்துபோன புதிரின் முடிச்சு, மாணவர் கண்டுபிடித்த விண்மீனில் அவிழ்ந்தது.

அமெரிக்காவில் குடியேறிய லூய்டனுக்கு 1925ல் டென்னிஸ் ஆடும்போது ஒரு கண்ணில் அடிபட்டது. அந்தக் கண்ணில் பார்வை போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணோடு அவர் தேர்ந்தெடுத்த வேலை, வானியலிலேயே கண்ணை அதிகம் வதைக்கும் வேலை. பெருவின் அரெகிப்பாவில் ஹார்வர்டுக்காரர்கள் பல ஆண்டுகள் முன்பு எடுத்த தகட்டையும், அதே வானத்தைத் தென்னாப்பிரிக்காவின் ப்ளூம்ஃபோன்டெய்னில் மறுபடி எடுத்த தகட்டையும் ஒரு கருவியில் பக்கத்தில் பக்கத்தில் பொருத்த வேண்டும். கருவி இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டும். ஆயிரக்கணக்கான புள்ளிகள் அசையாமல் நிற்கும். ஏதாவது ஒன்று மட்டும் இங்கும் அங்கும் துள்ளும். துள்ளுகிற புள்ளி நமக்கு அருகில் இருக்கும் விண்மீன். லூய்டன் இப்படிப் பார்த்த புள்ளிகளுக்குக் கணக்கே இல்லை.

அப்படித் துள்ளியவற்றில் ஒன்றுதான் லூய்டன் 726-8. திமிங்கலம் என்று பெயர்கொண்ட சீட்டஸ் கூட்டத்தில் இருக்கிறது. சுமார் 550 ஆண்டுகளில் முழுநிலாவின் அகலத்தைக் கடந்துவிடும் வேகம். தொலைவு 8.7 ஒளியாண்டுகள். உண்மையில் அது ஒன்றல்ல, ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு சிவப்புக் குள்ளன்கள். ஒவ்வொன்றும் சூரியனின் எடையில் பத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சூரியனின் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது.

1948ல் லூய்டன் இதைக் கண்டறிந்ததும் மற்ற வானாய்வகங்களும் தொலைநோக்கிகளைத் திருப்பின. இவ்வளவு அருகில் இவ்வளவு சிறிய விண்மீன் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

அந்த செப்டம்பரில் மவுண்ட் வில்சனில் ஆல்ஃபிரட் ஜாயும் மில்டன் ஹ்யூமசனும் அதன் நிறமாலையைப் பதிவுசெய்தார்கள். மலைக்கு வானாய்வகத்தின் தளவாடங்களைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிவந்தவராக வாழ்க்கையைத் தொடங்கி, அங்கேயே துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்து, கடைசியில் உலகின் தலைசிறந்த நிறமாலைப் பதிவாளர்களில் ஒருவராக உயர்ந்தவர் ஹ்யூமசன். அவர் கை பட்ட பதிவில் தவறு இருக்காது என்று சக வானியலாளர்கள் நம்பினார்கள். அந்த வரிசையில் ஒரு பதிவு மட்டும் விபரீதமாக இருந்தது. சிவப்புக் குள்ளனின் நிறமாலையில் சிவப்பு ஓங்கியும் நீலம் ஒடுங்கியும் இருக்க வேண்டும். இங்கே நீலப்பக்கம் முழுக்க ஒளி பொங்கி வழிந்தது. ஹைட்ரஜன் கோடுகள் தீயாக எரிந்தன. ஹீலியம் கோடுகளும் தெரிந்தன. ஹீலியம் ஒளிர வேண்டுமென்றால் 3,000 டிகிரி எங்கே காணும்! 10,000 டிகிரிக்குக் குறையாத ஏதோ ஒன்று அந்தக் குளிர்ந்த விண்மீனின் மேல் சற்று நேரம் கொதித்திருக்கிறது.

ஜாயும் ஹ்யூமசனும் நிறமாலையில் பார்த்தார்கள். ஆனால் நிறமாலைத் தகடு நீண்ட நேரம் ஒளியைச் சேகரித்து ஒரே பதிவாகத் தருவது. எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு வேகத்தில் ஏறியது என்பதை அது சொல்லாது.

அதைச் சொன்னது டிசம்பரில் கிடைத்த வேறொரு தகடு.

அரிசோனாவின் ஸ்டூவர்ட் வானாய்வகத்தில் எட்வின் கார்ப்பெண்டர், இந்த ஜோடியை ஒரே தகட்டில் அடுத்தடுத்துப் பலமுறை படமெடுத்தார். ஒவ்வொரு முறையும் தொலைநோக்கியைத் துளி நகர்த்திவிடுவார். அந்த மாதிரித் தகட்டை வெளிச்சத்துக்கு முன் பிடித்துப் பார்த்தால், நெகட்டிவ் என்பதால் வானம் வெளிறிப்போய்க் கண்ணாடியாகவே இருக்கும். விண்மீன்கள் கறுப்பாக இருக்கும். ஒவ்வொரு விண்மீனும் ஒற்றைப் புள்ளியாக இல்லாமல், சீரான இடைவெளியில் ஒரே அளவுள்ள புள்ளிகளின் சிறு வரிசையாக விழுந்திருக்கும். தகடு முழுக்க அதே வரிசை, அதே அளவு. காற்றில் மூட்டம் வந்திருந்தால் எல்லா வரிசையிலும் அந்தப் புள்ளி மெலிந்திருக்கும். தொலைநோக்கி அசைந்திருந்தால் எல்லா வரிசையிலும் அது இழுபட்டிருக்கும். கார்ப்பெண்டரின் தகட்டில் லூய்டன் 726-8ன் வரிசையில் மட்டும் ஒரு புள்ளி திடீரென்று பருத்துக் கிடந்தது. மூன்றே நிமிடத்தில் 12 மடங்கு பிரகாசம்.

அந்தத் தகட்டின் பெருமை இதுதான். பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு விண்மீனும் அதற்குச் சாட்சி. வேறெங்கும் போய்ச் சாட்சி தேட வேண்டியதில்லை. மெக்சிகோவின் டோனன்சிந்த்லாவில் கியேர்மோ ஹாரோவும் பின்னர் இதே உத்தியைக் கையாண்டுதான் ஓரியன் பகுதியில் சுடர் விண்மீன்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்தார். அவரைப் பற்றி வேறொரு வாரம் விரிவாகப் பேசுவோம்.

1948 டிசம்பரில் அரிசோனாவை வந்தடைந்த அந்த வெளிச்சம் புறப்பட்டது 1940ன் முற்பகுதியில், ஐரோப்பாவில் உலகப்போர் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தபோது. போர் நடந்து, முடிந்து, அணுகுண்டு விழுந்து, இந்தியா விடுதலையடைந்த காலமெல்லாம் அது வெட்டவெளியில் பயணம் செய்துகொண்டிருந்திருக்கிறது.

ஜோடியில் அதிகம் குமுறும் விண்மீனுக்கு யுவி சீட்டி என்று பெயர் வைத்தார்கள். இன்றுவரை இந்த இனத்துக்கே யுவி சீட்டி விண்மீன்கள் என்றுதான் பெயர். 1951ல் ஹார்வர்டின் பழைய தகடுகளை ஆராய்ந்த ஹார்லோ ஷேப்லி, சூரியனுக்கு மிக நெருங்கிய விண்மீனான பிராக்சிமா சென்டாரியும் இந்த இனம்தான் என்று அறிவித்தார். அடுத்த வீட்டுக்காரனே இப்படி வெடித்துக்கொண்டிருந்தது பல ஆண்டுகளாகத் தகடுகளில் பதிந்து அலமாரியில் தூங்கியிருக்கிறது! 1952ல் யுவி சீட்டி 20 நொடிகளில் 75 மடங்கு பிரகாசமானது. இதற்குப் பிறகு யாரும் சிறுகோள் விழுந்தது என்று சொல்லவில்லை. இத்தனை முறை விழ அங்கே எத்தனை சிறுகோள்கள் இருக்க வேண்டும்?

அப்படியானால் எது வெடிக்கிறது?

*

சூரியனைப் பொறுத்தவரை விடை ஓரளவு தெரிந்திருந்தது. 1908ல் மவுண்ட் வில்சனில் ஜார்ஜ் எல்லரி ஹேல், கரும்புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் பிளவுபட்டிருப்பதைக் கண்டு, அங்கே பூமியுடையதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வலுவான காந்தப்புலம் இருப்பதை நிறுவியிருந்தார். கொதித்துப் புரளும் மின்னூட்ட வாயு காந்தப்புலக் கோடுகளைத் தன்னோடு இழுத்துச் செல்லும். ராட்டையில் முறுக்கேற்றிக்கொண்டே போன கயிறு மாதிரி அவை திருகி, இறுகி, ஒரு கட்டத்தில் அறுந்து வேறு விதமாக இணைந்துகொள்ளும். அந்த நொடியில் தேங்கியிருந்த ஆற்றல் எல்லாம் வெப்பமாகவும் வேகத் துகள்களாகவும் வெளியே கொட்டும். சிவப்புக் குள்ளன்களிலும் இதுதான் நடக்கிறது என்பது ஒரு தரப்பு. அவற்றில் பல வேகமாகச் சுழல்பவை. மிகச் சிறியவற்றில் மையம் முதல் மேற்பரப்பு வரை வாயு முழுவதுமாகப் புரண்டுகொண்டிருக்கும். காந்தப்புலம் முறுக்கேற இதைவிடத் தோதான இடம் இல்லை.

எதிர்த்தரப்பும் லேசுப்பட்டதல்ல. ஆர்மீனியாவின் புராக்கன் வானாய்வகத்தை நிறுவிய விக்டர் அம்பார்ட்சுமியான், சூரியனை வைத்து இதை விளக்க முடியாது என்றார். சூரிய வெடிப்பு சூரிய ஒளியில் பத்தாயிரத்தில் சில பங்கு. இங்கோ விண்மீனின் மொத்த ஒளியே 75 மடங்காகிறது. விண்மீனின் உள்ளே, அது பிறப்பதற்கு முந்தைய நிலையைச் சேர்ந்த, நாம் அறியாத அடர்ந்த பொருள் மிச்சமிருக்கிறது, அது மேலே வந்து வெடிக்கிறது என்பது அவர் வாதம். இன்று படிக்கும்போது விநோதமாகத் தெரியலாம். ஆனால் இளம் விண்மீன்கள் கூட்டங்களாகப் பிறக்கின்றன என்பதை உலகுக்குக் காட்டியவர் அவர். அவர் சொன்னதை யாரும் தட்டிக்கழித்துவிட முடியாது.

(இதே 1950களில், அமைதியாக இருக்கும் விண்மீன்களின் மேல்வளி மண்டலத்தைக் கால்சியம் கோட்டின் வழியாகப் படிக்கும் வழியை 1957ல் ஓலின் வில்சனும் ஒரு இளம் இந்தியரும் திறந்தார்கள். பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்துக்குத் தலைமையேற்று, ஜவ்வாது மலையின் காவலூரில் தொலைநோக்கிகளை நிறுவிய வேணு பாப்புதான் அந்த இளைஞர். அவருக்கென்று தனி அத்தியாயம் வைத்திருக்கிறேன்.)

இந்த வழக்கைத் தீர்க்க ஒரு வழி இருந்தது. சூரிய வெடிப்புக்கு இன்னொரு அடையாளம் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. அது வெளியே தெரியவந்ததே போரின் நடுவில், ஒரு பெரும் பீதியில்.

*

1942 பிப்ரவரி 12. ஷார்ன்ஹோர்ஸ்ட், நைசெனாவ் என்ற இரண்டு ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் பட்டப்பகலில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து தப்பின. பிரிட்டனின் ராடார்களை ஜெர்மானியர்கள் இரைச்சல் அலைகளால் குருடாக்கியிருந்தார்கள். அவமானம் ஆறுவதற்குள், பிப்ரவரி 27, 28 தேதிகளில் பிரிட்டன் ராணுவத்தின் ராடார் நிலையங்கள் மறுபடியும் இரைச்சலில் மூழ்கின. அடுத்த தாக்குதல் வரப்போகிறதா?

விசாரிக்கும் பொறுப்பு ஜேம்ஸ் ஸ்டான்லி ஹே என்ற இளம் இயற்பியலாளரிடம் வந்தது. நிலையங்களின் அறிக்கைகளை வரிசைப்படுத்தியபோது, இரைச்சல் வந்த திசை நேரத்தோடு நகர்ந்துகொண்டே இருந்தது தெரிந்தது. காலையில் கிழக்கு, மாலையில் மேற்கு. ஹே கிரீன்விச் வானாய்வகத்தைத் தொடர்புகொண்டார். சூரியனின் நடுப்பகுதியில் ஒரு பெரிய கரும்புள்ளிக் கூட்டம் இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். எதிரி ஜெர்மனியில் இல்லை. சூரியனே ரேடியோ அலைகளை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. போர் முடியும்வரை இது ரகசியமாகக் காக்கப்பட்டது.

இப்போது வழக்குக்கு வருவோம். சிவப்புக் குள்ளனின் வெடிப்பு சூரிய வெடிப்பின் இனம்தான் என்றால், அதிலிருந்தும் ரேடியோ அலைகள் வர வேண்டும். கிட்டத்தட்ட 9 ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து அதைக் கேட்க மிகப் பெரிய காது வேண்டும். அது ஒருவரிடம் இருந்தது.

இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க்கில் பெர்னார்ட் லோவல் கட்டிய 76 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி 1957ல் இயங்கத் தொடங்கியது. லோவலும் போர்க்காலத்தில் ராடாரில் உழைத்தவர். கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தபோது ஸ்புட்னிக்கை ஏற்றிச்சென்ற ராக்கெட்டை ராடாரால் பின்தொடர்ந்து காட்டி, அந்தத் தொலைநோக்கிக்கு உயிர்ப்பிச்சை வாங்கிக் கொடுத்தவர். 1958ல் அவர் அந்த ராட்சதக் கிண்ணத்தை யுவி சீட்டியை நோக்கித் திருப்பினார்.

காகிதச் சுருள் மெதுவாக நகர, அதன் மேல் பேனா ஒரு கோட்டை இழுத்துக்கொண்டே போகும். கோடு லேசாக நடுங்கும். மணிக்கணக்கில் அவ்வளவுதான். திடீரென்று பேனா எகிறும், சில நிமிடங்கள் உயரத்தில் தடுமாறும், இறங்கும். யுவி சீட்டியா? அல்லது பக்கத்துச் சாலையில் போன வண்டியின் இன்ஜின் தீப்பொறியா? தூரத்து இடியா? பேனாவுக்கு வித்தியாசம் தெரியாது. விண்மீனின் வெடிப்பும் சில நிமிடம், வண்டியும் சில நிமிடம். லோவலுக்கு நம்பிக்கை இருந்தது. ஆனால் அதை வெளியில் சொல்லி நிரூபிக்கக் கையில் இருந்தது ஒரு பேனாக் கோடு மட்டுமே. கேரிங்டன் போன பாதையில்தான் லோவலும் போயாக வேண்டும். இரண்டாவது சாட்சியைத் தேடி.

கேரிங்டன் ஒரு நிமிடம் ஓடினார். லோவலின் கை அட்லாண்டிக்கைத் தாண்டி நீண்டது.

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தின் தலைவர் ஃப்ரெட் விப்பிளிடம் அற்புதமான ஒரு கேமராப் படை இருந்தது. செயற்கைக்கோள்களைப் பின்தொடர்வதற்காக உலகெங்கும் 12 இடங்களில் நிறுத்தப்பட்ட பேக்கர்-நன் கேமராக்கள். இந்தியாவில் நைனிடாலிலும் ஒன்று இருந்தது. செயற்கைக்கோள் இல்லாத நேரத்தில் அவை சும்மா இருக்கத் தேவையில்லையே. லோவல் கேட்டார், விப்பிள் சம்மதித்தார். ஜோட்ரல் பேங்க் யுவி சீட்டியைக் கேட்டுக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் கேமராக்களும் அதைப் படமெடுத்தன. விப்பிளின் சக ஊழியர் லெனார்ட் சாலமன் இரண்டு பதிவுகளையும் நேரத்துக்கு நேரம் ஒப்பிட்டார்.

படத்தில் விண்மீன் பிரகாசமான வேளைகளில் பேனாவும் ஏறியிருந்தது.

1963ல் லோவல், விப்பிள், சாலமன் மூவரும் 'நேச்சர்' இதழில் இதை அறிவித்தார்கள். அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியிலிருந்து புரூஸ் ஸ்லீயின் குழுவும், ஓரியன் கூட்டத்தின் வி371 என்ற சிவப்புக் குள்ளனில் கண்ட ரேடியோ வெடிப்பை வெளியிட்டது. சூரியனைத் தவிர வேறொரு சாதாரண விண்மீனிலிருந்து ரேடியோ அலைகளை மனிதர்கள் கேட்டது இதுதான் முதல் முறை.

இந்த வேலையில் யாரும் எதிர்பாராத பலன் ஒன்றும் கிடைத்தது. எனக்கு இந்த அத்தியாயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி அது. ஒளியும் ரேடியோ அலையும் ஒரே நேரத்தில் அங்கே புறப்பட்டு, கிட்டத்தட்ட 9 ஆண்டுகள் பயணம் செய்து, சில நிமிட இடைவெளிக்குள் இங்கே வந்துசேர்ந்திருக்கின்றன. 8.7 ஆண்டு என்பது ஏறத்தாழ 46 லட்சம் நிமிடங்கள். அதில் சில நிமிட வித்தியாசம்தான் என்றால், இரண்டின் வேகமும் பத்து லட்சத்தில் ஓரிரு பங்குக்குள் ஒன்றுதான். விண்வெளியில் எல்லா மின்காந்த அலைகளுக்கும் ஒரே வேகம் என்ற அடிப்படை விதியை, ஒரு மங்கல் விண்மீனின் குமுறலை வைத்துச் சோதித்துவிட்டார்கள். 1964ல் அதையும் தனிக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அம்பார்ட்சுமியான் இதனால் மனம் மாறிவிடவில்லை. காந்தப்புலத்தை நேராக அளந்து காட்டும்வரை வழக்கு திறந்தே இருந்தது. ஆனால் தராசு சாய்ந்துவிட்டது. குள்ளன்களின் வெடிப்பு சூரிய வெடிப்பின் இனம்தான், அளவில் மட்டுமே ராட்சதம் என்று பெரும்பாலோர் நம்பத் தொடங்கினார்கள்.

சரியாக இந்த நேரத்தில்தான் பிரான்சிலிருந்து அந்தச் செய்தி வந்தது.

*

தெற்குப் பிரான்சின் ஹாட்-ப்ராவான்ஸ் வானாய்வகம். 1962ல் டேனியல் பார்பியேவும் நினா மோர்குலெஃபும் எச்டி 117043 என்ற விண்மீனின் நிறமாலையில், அதுவரை எந்த விண்மீனும் காட்டாத ஒன்றைக் கண்டார்கள். சிவப்பு ஒளிக்குச் சற்று அப்பால், 766 மற்றும் 770 நானோமீட்டருக்கு அருகே, இரண்டு பிரகாசமான கோடுகள். பொட்டாசியத்தின் கோடுகள். யுவி சீட்டி வெடிக்கும்போது ஹைட்ரஜன் எரியும், ஹீலியம் எரியும். இங்கே பொட்டாசியம் தவிர மற்றதெல்லாம் வழக்கம்போல அமைதியாக இருந்தது. அடுத்த பதிவில் அந்தக் கோடுகள் இல்லை.

அதைவிடக் கலங்க வைத்தது அந்த விண்மீனின் இனம். அது சிவப்புக் குள்ளன் அல்ல. நம் சூரியனின் சாயலில் இருக்கும் மஞ்சள் விண்மீன். நம் சூரியனும் ஒருநாள் இப்படிச் செய்யுமா?

அடுத்த சில ஆண்டுகளில் அதே வானாய்வகத்தில் மேலும் இரண்டு விண்மீன்களில் பொட்டாசியச் சுடர் பதிவானது. பதிந்தவர்கள் திறமையானவர்கள். கருவியும் தரமானது. தகடுகளில் கோடுகள் ஐயத்துக்கு இடமில்லாமல் நின்றன. ஏதோ ஒரு புதிய வகை வெடிப்பு. எந்தக் கோட்பாட்டிலும் அதற்கு இடமில்லை. உலகில் வேறு எந்த வானாய்வகமும் அதைப் பார்க்கவும் இல்லை.

கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் ராபர்ட் விங், மானுவல் பெய்ம்பெர்ட், ஹைரன் ஸ்பின்ராட் என்ற மூவர் அந்த இரண்டாவது சாட்சியாக இருக்கத் தீர்மானித்தார்கள். 162 விண்மீன்களைத் தேடிப் பார்த்தார்கள். பொட்டாசியச் சுடர் ஒன்றில்கூட இல்லை.

பிறகு அவர்கள் விண்மீன்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, வானாய்வகத்துக்கு உள்ளேயே ஒரு சோதனை நடத்தினார்கள். பிரெஞ்சுத் தகடுகளில் இருந்த அதே இரண்டு கோடுகள், அதே இடத்தில், அப்படியே வந்து நின்றன. அந்தச் சோதனைக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு பொருள். அன்று உலகின் எந்தப் பெட்டிக்கடையிலும் சில்லறைக் காசுக்கு அது கிடைக்கும்.

(தொடரும்)